ரப்பர் வளையத்துக்கு எழுதிக் கொடுத்த சத்தியம்

பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் நாற்காலி தேய்த்தவரை எல்லோரும் ‘நாலு பிரதி’ என்றே அழைத்தார்கள். நாலு பிரதி எடுக்காத எதையும் அவர் நம்பியதில்லை. ஓய்வுபெற்ற இந்த வயதிலும் கார்பன் தாளின் வாசம் ஞாபகத்துக்கு வந்தால் கண் கலங்கிவிடும். மனைவி வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் காப்பாற்றுவாள்.

அவருடைய உத்தியோகம், சத்தியம் செய்வது. வெளிநாட்டில் பீரங்கியோ அதன் திருகாணியோ வாங்கினால், “இன்ன வேலைக்குத்தான் பயன்படுத்துவோம், வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டோம்” என்று விற்கிற அரசுக்கு எழுதித் தரவேண்டும். கல்யாணத்தில்கூட அவர் இத்தனை வாக்குக் கொடுத்ததில்லை.

ஒரு வருடம், மழைக்கு நாலு மாதம் இருக்கும்போது, படையின் ஒரே மீட்பு ஹெலிகாப்டர் எண்ணெய் கசிந்து படுத்துவிட்டது. முந்தைய வெள்ளத்தில் ஆற்றோரம் குடியிருந்த அவருடைய அக்காவை மொட்டைமாடியிலிருந்து தூக்கிவந்த அதே ஹெலிகாப்டர். வேண்டியது உள்ளங்கையகல ரப்பர் வளையம் ஒன்று. ‘என்ன பயன்பாடு?’ என்ற கட்டத்தில் நம்மவர் அரிச்சந்திரனாகி, “வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க” என்று எழுதினார்.

விற்ற அரசிடமிருந்து பதில் வந்தது: ஹெலிகாப்டரை விற்றது போருக்கு; மக்களைக் காப்பாற்றுவது புதுப் பயன்பாடு; புது அனுமதி தேவை.

“கவுத்துட்டீங்களே சார்! சண்டைக்குன்னு எழுதியிருந்தா போன வாரமே வந்திருக்கும்” என்றார் ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்.

“பொய் எழுதச் சொல்றியாப்பா?”

“அரிச்சந்திரனுக்காவது கடைசில சாமி வந்துச்சு. உங்களுக்கு யார் வருவா?”

மழை வந்தது, அனுமதி வரவில்லை. மெக்கானிக் பம்ப் பட்டறையில் ஒரு வளையம் வார்த்து, இரண்டு நாள் தரையிலேயே ஓட்டிப் பார்த்தார். சொட்டுக் கசிவில்லை. ஆனால் அனுமதியில்லாத பாகத்தைப் பூட்டுவது ஒப்பந்த மீறல். யாராவது கையெழுத்துப் போடவேண்டும். அதிகாரிகளுக்கெல்லாம் ஒரே நாளில் வயிற்றுவலி.

அக்கா போன் செய்தாள். “தண்ணி மூணாவது படிக்கு வந்துடுச்சுடா.”

நாலு பிரதி கையெழுத்துப் போட்டார். ஹெலிகாப்டர் எழும்பியது, அக்காவோடு அந்தத் தெருவே கரையேறியது.

அனுமதிக் கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது, “ஆட்சேபணை இல்லை” என்று. அதற்குள் விளக்கம் கேட்டு மெமோ வந்து, பதவி உயர்வு போயிருந்தது.

அக்கா மறுபடி போன் செய்தாள். “பிரமோஷன் போச்சாமே? போனாப் போகுது போ. வீட்டைக் கழுவி முடிச்சாச்சு, சாப்பிட வா.”

சேற்று வாசம் போகாத அந்தக் கூடத்தில் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்படி ஒரு பசி அவருக்கு அப்புறம் எடுக்கவேயில்லை.