சிவப்புத் துணி கட்டிய தடி

போன வாரம், போனில் இருக்கும் எங்கள் படக் குழுவில் ஒருவர் வண்ணாத்திப்பூச்சி ஒன்றைப் பிடித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, பிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுத்தார். பிறகு அதைச் செவ்வரத்தம்பூவில் இருத்திப் படம் எடுத்தார். பூச்சி அசையவே இல்லை. எப்படி அசையும்? விறைத்துப் போயிருந்தது. படத்துக்குக் கீழே அவர் எழுதிய வரி: 'வசந்தம் வந்து அமர்ந்தது.'

எப்படி எடுத்தேன் என்ற இரகசியத்தையும் அவரே பெருமையாகச் சொன்னார். அதற்குக் கீழே கைதட்டல்கள் வேறு.

எனக்கு வந்த கோபத்தில் நாலு வரி தட்டினேன். காரமான வரிகள். அனுப்பும் நேரத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன்? அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் குழுவைப் பற்றி. புதுக்குடியிருப்பில் பிறந்து கனடாவில் இருக்கும் ஒருவர் தொடங்கியது. அங்கே பனி கரைந்து முதல் பூ மலர்ந்த சந்தோசத்தில் 'எங்கள் வீட்டு வசந்தம்' என்று ஒரு போட்டி வைத்தார். வீட்டுத் தோட்டம், வளர்ப்புப் பிராணி, காட்டுயிர் – எதுவும் அனுப்பலாம். அவருக்கு அது வசந்தம். எங்களுக்குப் பங்குனி வெய்யில். கிணறு அடிமட்டத்துக்குப் போய், தார் றோட்டில் செருப்பு ஒட்டுகிற காலம். இருந்தாலும் போட்டி என்று வந்த பிறகு விடுவோமா? ஊரே வசந்தத்துக்கு மாறியது.

பட்டப்பகல் இரண்டு மணிக்கு ரோசாப்பூவில் பனித்துளி. கத்தரிக்கு மருந்து அடிக்கிற தெளிப்பானால் தண்ணீர் விசிறினால் பனித்துளி வராமல் என்ன செய்யும்? நாய்க்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட படம் ஏழு வந்தது. ஏழிலும் ஒரே கண்ணாடி... எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கைமாறியிருக்கிறது. ஓணான் ஒன்று கம்பீரமாகத் தலையைத் தூக்கி நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்தில் நூல்.

மயில் விவகாரம் இன்னும் விசேசம். காலையில் பயிற்றங்கொடியைக் கொத்துகிறது என்று வெடி கொளுத்தி மயிலைத் துரத்தியவர், பின்னேரம் அதே மயிலுக்கு நெல்லை வீசி 'வா, வா' என்று கூப்பிட்டார். அது வரவில்லை. அதற்கு மூளை இருந்திருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து நான் ஏளனமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு இயற்கை என்றால் என்னவென்று தெரியாது, நான் காட்டுகிறேன் என்று ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிரோடுதான் வேலியைத் தாண்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிவமலரின் காணி. நாற்பது வயது மதிக்கத்தக்கவர், தனியாகவே பயிர் செய்கிறவர். எள்ளு விதைப்பதற்காக ஒரு முறை உழுதுபோட்டு, இரண்டாம் உழவுக்கு மழை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காணியின் நடுவில்தான் ஆட்காட்டிக் குருவி முட்டை இட்டிருந்தது. அது கூடு கட்டுகிற சாதி இல்லை. வெறுந்தரையில், கற்களுக்கு நடுவில் இடும். நாலு முட்டை, கல்லின் நிறத்திலேயே. பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது.

முதல் உழவு நாளிலேயே சிவமலர் அதைக் கண்டுவிட்டார். பழைய பாவாடையைக் கிழித்து, சிவப்புத் துண்டொன்றைத் தடியில் கட்டி, முட்டைக்குப் பக்கத்தில் நட்டுவைத்தார். உழவு மெசின் ஓட்டுகிற தயாளன் அந்தத் தடியைச் சுற்றிப் போனான். உழுத நிலத்துக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு உழாத தரை தீவு மாதிரி மிஞ்சியது.

எங்கள் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய தடிக்கு ஒரு மரியாதை உண்டு. மிதிவெடி அகற்றிய காலத்தில் படித்த பாடம் அது. ஏன் கட்டியது, யார் கட்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. சுற்றிப் போவார்கள். சின்னப் பிள்ளைகூடப் பிடுங்காது.

"வெய்யில் ஏறினால் அது வாய்க்காலுக்குப் போய் வயித்தை நனைச்சுக்கொண்டு வந்து முட்டையில இருக்கும், அண்ணை" என்று சிவமலர் எனக்கு ஒரு நாள் சொன்னார். "முட்டை அவிஞ்சு போயிடுமெண்டு அதுக்குத் தெரியுது. வாய்க்கால் வத்தினாப் பிறகு நான்தான் பிளாஸ்டிக் பேசினில தண்ணி வைக்கிறன். இன்னும் ஒரு கிழமையில பொரிச்சிடும்."

அந்த ஒரு வாரத்துக்குள்தான் நான் போனேன். காலைவெய்யில் அருமையாக இருந்தது. குருவி எழும்பிக் கத்தியது, தலைக்கு மேலே பாய்ந்தது, செட்டையை விரித்துக்கொண்டு கிட்ட வந்தது. எனக்கு ஒரே சந்தோசம் – நல்ல போஸ் என்று. பயத்தில் ஒரு தாய் கத்துவதைப் போஸ் என்று நினைத்த ஆள், நாய்க்குக் கண்ணாடி போட்டவரைப் பார்த்துச் சிரித்தவன்.

குறுக்கே ஒரு தொந்தரவு. தடி. எந்தப் பக்கம் சரிந்து எடுத்தாலும் அதன் நிழல் முட்டையில் விழுந்தது. துணி வேறு ஓரத்தில் வந்து ஆடியது. தடியோடு எடுத்தால் அது யாரோ ஒருவருடைய தோட்டம். தடி இல்லாமல் எடுத்தால் காடு. எனக்குக் காடு வேண்டியிருந்தது.

பிடுங்கினேன். வேலியோரம் கொண்டுபோய்ச் சாத்தினேன். நாற்பது படம் எடுத்தேன். எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். தடியைத் திரும்ப நட மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. மறப்பதற்கு முதலில் அது ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டுமே.

அன்று பின்னேரம் மழை கொட்டியது. அடுத்த நாள் காலை ஊர் முழுக்க உழவு. சிவமலர் மாமியாரைக் கிளினிக்குக்கு முல்லைத்தீவு கூட்டிப்போக வேண்டியிருந்ததால், தயாளனுக்குப் போனில் சொல்லிவிட்டுப் போனார். மெசின் சத்தம் எனக்குக் கேட்டது. குருவி கத்தியதும் கேட்டது. வழக்கமாகக் கத்துவதுதானே என்று விட்டுவிட்டேன். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என்னுடைய முட்டைப் படத்துக்கு வந்த பாராட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் சிவமலரின் குரல் உயர்ந்து கேட்டது. போய்ப் பார்த்தேன். தீவு இல்லை. காணி முழுக்க ஒரே சீராக உழுதிருந்தது. ஒரு உழவுச் சாலில் முட்டை ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. தயாளன் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

"தடியைக் காணேல்லை, அக்கா. நிப்பாட்டி இறங்கியும் பாத்தனான். குஞ்சு பொரிச்சுப் போயிட்டுது, நீங்கள் தடியைப் பிடுங்கிப் போட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"பொய் சொல்லாத. கெதியா அடுத்த காணிக்குப் போகோணும் எண்டு நீ பாக்காமல் அடிச்சிருக்கிறாய்."

"தடி நிண்டால்தானே, அக்கா, சுத்திப் போறது."

"இனி என்ரை காணிக்கு நீ வரவேண்டாம்."

தயாளன் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, நீங்கள் வேலிக்கு இஞ்சாலதானே இருக்கிறனீங்கள். காலமை தடி நிண்டதோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் கவனிக்கேல்லை, தம்பி." நாற்பது படம் எடுத்த கண் கவனிக்கவில்லை.

குருவி இரண்டு நாள் அந்தச் சாலுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. மூன்றாம் நாள் போட்டி முடிவு வந்தது. எனக்கு முதல் பரிசு. பரிசு என்றால், ஒரு வெற்றிக் கிண்ணத்தின் படம். கனடாக்காரர் நடுவராக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'மனிதக் கை படாத இயற்கை.'

அதற்குள் சிவமலரின் சொந்தக்காரர் இரண்டு பேர், தயாளன் கண் பார்த்து ஓட்டாதவன் என்று, அவனுக்குப் பேசியிருந்த தங்கள் உழவை வேறு மெசின்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்யாத பிழைக்கு ஒருத்தனின் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கிண்ணம்.

வேலியோரம் சாத்திக் கிடந்த தடியை எடுத்துக்கொண்டு சிவமலர் வீட்டுக்குப் போனேன். அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தடி உங்களுக்கு என்ன செய்தது, அண்ணை?"

அவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். படத்தைக் கனநேரம் பார்த்தார்.

"நாலும் வடிவாய்த் தெரியுது" என்றார். போனைத் திருப்பித் தந்தார். "தயாளனை நான் பேசினது பிழை. அதுக்கு நான் அவனிட்டைக் கதைக்கிறன். ஆனால் நீங்களும் சொல்லோணும். இப்பிடிக் குசினி வாசல்ல இரகசியமாய் இல்லை. சந்தியில, நாலு பேர் நிக்கேக்க சொல்லுங்கோ."

சொன்னேன். தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், மெசின்காரர் எல்லாரும் நிற்கும்போது சொன்னேன். ஒருவன் சிரித்தான். தயாளன் சிரிக்கவில்லை.

"நான் இறங்கி நடந்து பாத்தனான், அண்ணை" என்றான். "முட்டையும் கல்லும் ஒரே மாதிரிக் கிடக்கும். தடி இல்லாமல் எனக்கு என்னெண்டு தெரியும்?"

கோபித்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் மெசினில் ஏறிப் போய்விட்டான். இப்போது சிவமலர் காணிக்குத் திரும்ப வருகிறான். என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவான்.

குழுவிலும் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பரிசு வேண்டாம் என்றேன். வந்த பதில்கள்? 'அதனாலென்ன, படம் அருமை.' 'ஒரு குருவிக்குப் போய் இவ்வளவு கதையா?' இன்னொருவர்: 'எந்தப் போனில் எடுத்தது?'

பிரிட்ஜ்க்காரருக்கு எழுதிய வரிகளை நான் ஏன் அழித்தேன் என்று இப்போது புரியும். அவராவது செய்ததை ஒளிக்காமல் சொன்னார். நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அவரைத் திட்டுகிற தகுதிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். வந்ததும் திட்டுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். உயிரை விறைக்க வைத்து அதற்கு வசந்தம் என்று பெயர் வைப்பதை எந்த மொழியில் பாராட்டுவது?

நேற்று சிவமலர் காணிப் பக்கம் போனேன். எள்ளு நாலு இலை விட்டிருக்கிறது. வரம்போரம் ஆட்காட்டி படுத்திருந்தது. திரும்பவும் முட்டை. பக்கத்தில் பேசினில் தண்ணீர். கொஞ்சம் தள்ளி, ஒற்றையடிப் பாதைப் பக்கமாக, தடியில் அதே சிவப்புப் பாவாடைத் துண்டு.

"விதைச்சு முடிஞ்சுதே, பிள்ளை. இனி மெசின் வராதே, பிறகேன் தடி?" என்று கேட்டேன்.

சிவமலர் நிமிர்ந்து என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இது மெசினுக்கு இல்லை, அண்ணை."

நான் சுற்றிப் போனேன்.