மூன்று பிளாப்பியும் ஒரு மீன் குழம்பும்

நான் தட்டாத எதுவும் என் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று ஒருநாள் சாயங்காலம் எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வராமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். முதலில் ஒரு டைப்ரைட்டர்தான். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் கலர் திரை வந்துகொண்டிருந்தபோது என்னுடையதில் கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும். ஆன் செய்தால் மாவு மில் மாதிரி சத்தம் போடும். கடை வாசலில் பூ கட்டி விற்கும் அம்மா தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டு, "உன் மிசினு எய்ந்துச்சுபா, நானும் கடைய விரிக்கிறேன்" என்பார்.

வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகள்தான் எனக்கு முக்கிய வேலை. அந்த வருஷம் வந்தவர்களில் ஒருவர் பிள்ளை இல்லை, நாற்பத்து மூன்று வயதுக்காரர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வெல்டர். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், இங்கே குவார்ட்டர்ஸில் குடும்பம். வேலை முடிந்த பிறகு மாலைக் கல்லூரியில் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தார். நடுவில் விட்டு விட்டுப் படித்ததில் வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த முறை ரிப்போர்ட் கொடுக்காவிட்டால் இதுவரை பாஸ் பண்ணிய பாடங்கள் எல்லாமே செல்லாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம்.

அவர் கையில் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. "எழுத உக்காந்தா பேனா ஓட மாட்டேங்குது மேடம். நான் சொல்லுதேன், நீங்க தட்டிருங்க" என்றார். அவர் தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் தட்டினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். எழுபத்து நான்கு பக்கங்கள். இரும்பு எப்படி உருகி இன்னொரு இரும்போடு சேர்கிறது, எங்கே சேர்ந்த மாதிரி நடிக்கிறது என்று அவர் சொன்னதெல்லாம் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது. பிளாப்பியில் ஒரு நகல் எடுத்து வைக்கும் புத்தி எனக்கு அப்போது கிடையாது.

கடைசி அத்தியாயத்தைத் தட்டி முடித்தபோது, சேமிக்க இடம் இல்லை என்றது திரை. அடுத்த நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் ரிப்போர்ட் கல்லூரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தேன். நான் தட்டியவை எனக்குத் தெரியும். தினமும் காலையில் நான் பெயர் தட்டிக் கூப்பிடுகிற டைப்பிங் சாஃப்ட்வேரையும் தெரியும். மற்றதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள்? டாஸ் என்று ஓர் அறை முழுக்க நான் தட்டாத கோப்புகள். முன்னால் வைத்திருந்தவன் விட்டுப்போன குப்பை என்றே முடிவு செய்தேன். எல்லாம் அழியும், நிச்சயமா என்று மெஷின் கேட்டது. அதுவும்தான் எவ்வளவு மரியாதையாகக் கேட்டது! ஆமாம் என்று தட்டினேன். தாராளமாக இடம் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தைச் சேமித்து, மெஷினை அணைத்து, வீடு பெருக்கிய திருப்தியோடு கிளம்பினேன்.

காலையில் மாவு மில் ஓடியது. ஆனால் எழுத்து வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, எதையோ காணவில்லை என்று. அதற்குமேல் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. நான் குப்பை என்று அள்ளிக் கொட்டிய அந்த டாஸ்தான் மெஷின் கண் விழித்து, கை கால் அசைப்பதற்கான மொத்த அறிவு.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, மெஷினை எனக்கு மாட்டிக்கொடுத்த அம்பத்தூர் மெக்கானிக்கின் கடைக்குப் போன் போட்டேன். அவருடைய மச்சான் எடுத்தார். "மாமா திருப்பதி போய்க்கிறாரு, மொட்ட அடிக்க. நாளான்னிக்குதான் வருவாரு."

திரும்பி வந்தால் கடை வாசலில் வெல்டர் நிற்கிறார். லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ரிப்போர்ட் வாங்கிப் போக வந்திருக்கிறார்.

"பிரிண்டு ஆயிட்டா மேடம்?"

நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, "உள்ள இருக்கா, போயிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"உள்ளேதான் சார் இருக்கு. கதவுதான் திறக்கல."

பூக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேரும் பேயறஞ்சா மாரி கீறீங்க?"

அப்போதுதான் எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ்ச் சுருக்கெழுத்தை, அட்டை இல்லாமல் கிடைத்த ஒரு பழைய புத்தகத்தை வைத்து நானாகவே கற்றுக்கொண்டேன். ரேடியோவில் செய்தி வாசிப்பவர்தான் என் வாத்தியார், அவருக்கே தெரியாது. அரசாங்கப் பரீட்சையில் தோற்றேன். படிக்கிறவர் நடுவில் ஃபேனைக் குறைக்கச் சொன்னார், அதையும் சேர்த்து எழுதிவிட்டேன். வேலை கிடைக்கவில்லை, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. யார் எதைச் சுவையாகப் பேசினாலும் கை தானாக நோட்டைத் தேடும். "உள்ள போ சார், உள்ள போறதுக்குத் தனி டிக்கெட்டு இல்ல" என்ற கண்டக்டர் அந்த நோட்டில் இருந்தார். பூக்கார அம்மாவுக்கு மட்டுமே முப்பது பக்கம். மெக்கானிக் முதல்முதலாக மெஷினில் டாஸ் ஏற்றிய அன்று, வாய் ஓயாமல் என்னிடம் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். அப்படிப்பட்ட பேச்சை விட எனக்கு மனசு வருமா?

மேஜையின் கீழ் அறையிலிருந்து நோட்டையும், அவர் கொடுத்துவிட்டுப் போன மூன்று பிளாப்பிகள் இருந்த பிஸ்கட் டப்பாவையும் எடுத்தேன். ஆறு மாசத்துக்கு முந்தைய கோடுகள். சுருக்கெழுத்து ஆறிப்போனால் எழுதினவளுக்கே பிடி கொடுக்காது. முதல் வரியைத் தடுமாறிப் படித்தேன். இரண்டாவது வரியில் அவர் குரலே வந்துவிட்டது.

"யக்கா, மொத பிளாப்பிய வாய்ல குட்த்துட்டு மிசினப் போடு. கடகடன்னு சத்தம் வர்தா? பசிக்குதுன்னு அர்த்தம். இப்போ பாரு, வணக்கம் சொல்லும்."

பிளாப்பியைச் செருகி மெஷினைப் போட்டேன். கடகட சத்தம். கொஞ்ச நேரத்தில், செத்துக் கிடந்த திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரவேற்பு. வெல்டர் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வரி: "இப்ப எப்-மூணு. ரெண்டு வாட்டி தட்டு."

F3 என்ற விசையை ஒரு முறை தட்டினேன். வெளியே போவது நிச்சயமா, போவதானால் மறுபடி தட்டு, இல்லாவிட்டால் எண்டர் தட்டித் தொடரலாம் என்று மெஷின் கேட்டது. மறுபடி அதே மரியாதை. நேற்று அந்த மரியாதையை நம்பித்தான் ஏமாந்தேன். விரலை எடுத்துவிட்டு நோட்டில் மேலே படித்தேன்.

"வெளிய வந்து பார்மட் போடணும். முன்னாடி வெச்சிருந்தவன் குப்ப எதுக்கு உனுக்கு? சுத்தமா தொடச்சிட்டா புது ஊடு மாரி."

தொடச்சிட்டா. கையை மடியில் வைத்துக்கொண்டேன். முன்னவன் குப்பையை அவர் அன்றே அள்ளிவிட்டார் என்பதைத்தான் நான் மறந்துபோயிருந்தேன். அன்றைக்கு மெஷினில் என்னுடையது எதுவுமில்லை, துடைத்தார். இன்றைக்கு எழுபத்து நான்கு பக்கம் இருக்கிறது. அவர் சொன்ன வழியில் இன்னும் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால் நான் நேராக அந்தப் பார்மட்டின் வாசலுக்குத்தான் போயிருப்பேன்.

"என்ன மேடம், நின்னுட்டீய?"

"இருங்க சார், இன்னும் பேசியிருக்கார்."

பார்மட் ஓடி முடிக்கிற வரைக்கும் அவருக்கு அன்று வேலை இல்லை. ஆகவே ஊர்க்கதை பேசியிருந்தார். ஒழுங்கான ஸ்டெனோ யாரும் அதை எழுதியிருக்க மாட்டார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். சத்தமாகவே படித்தேன்:

"போன வாரம் திருநின்றவூர்ல ஒரு டியூஷன் வாத்தியாரு மிசினு. கொஸ்டின் பேப்பரு எல்லாம் உள்ள கீதுப்பா, ஒண்ணு போனாலும் என் மானம் போச்சுன்னு ஒரே அயுக. நான் தொடைக்கவே இல்லியே! வணக்கம் சொன்னதும் நேரா எண்டரு. அது கேட்டதுக்கெல்லாம் எண்டரு. இருந்தது மேலயே டாஸ ஏத்திட்டேன். அவுரு சரக்குல ஒண்ணு கொறையல. வாத்தியார் ஊட்ல அந்தம்மா ஏரி மீன் கொயம்பு ஊத்திச்சு பாரு யக்கா, மாங்கா போட்டு. ஆறு வாட்டி சோறு வாங்கினேன்."

பூக்கார அம்மா கதவருகே வந்து நின்றுவிட்டார். "மாங்கா போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

நான் வெல்டரைப் பார்த்தேன். "இதுல ரெண்டு வழி இருக்கு சார். எனக்குன்னு செஞ்ச வழியில போனா உங்க ரிப்போர்ட் போயிடும். இந்த வாத்தியார் வழி சரின்னா ரிப்போர்ட் நிக்கும். தப்பா இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உங்க சரக்கு. நீங்கதான் சொல்லணும்."

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். "அந்த மெக்கானிக்கு இத உங்களுக்குப் பாடமாச் சொன்னாரா, சும்மா பேசிக்கிட்டிருந்தாரா?"

"சும்மாதான் பேசினார். எனக்குக் கத்துக்குடுக்கணும்னுகூட இல்ல."

"அப்ப நெசம். நாங்களும் ஒர்க்ஷாப்புல புதுசா வாரவனுக்குச் சொல்லிக்குடுக்கும்போது ரூல்படிதான் சொல்லுவோம். டீ குடிக்கையில சும்மா பேசுதோம் பாத்தியளா, தொழிலு அதுலதான் கெடக்கும். எண்டர் தட்டுங்க."

அதை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் சிரித்தேவிட்டார். "இப்பவுமா மேடம்!"

எண்டர் தட்டினேன்.

வரவேற்புத் திரை திரும்பி வந்தது. மறுபடி எண்டர். தேதி சரியா என்றது, எண்டர். எந்த அறையில் வைக்கட்டும் என்றது, எண்டர். திரையின் அடியில் ஒரு பட்டை மெல்ல நீளத் தொடங்கியது. இருபது, முப்பது என்று அது சொல்லச் சொல்ல, வெல்டர் கண்ணாடி போடாமல் தீப்பொறியைப் பார்க்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இரண்டாவது பிளாப்பி கேட்டது, கொடுத்தேன். பாதியில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து பட்டை நின்றது.

"ஏய், இன்னா ரோசன? முய்ங்கு!" என்று பூக்கார அம்மா ஓர் அதட்டல் போட்டார். அதற்காகத்தான் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பட்டை நகர்ந்தது. மூன்றாவது பிளாப்பி. நூறு. பிளாப்பியை எடுத்துவிட்டு எண்டர் தட்டச் சொன்னது.

மாவு மில் அடங்கி, மறுபடி ஓடியது. பச்சை எழுத்துகள் கடகடவென்று இறங்கின. கடைசியில் சி என்ற எழுத்தும், அதன் பக்கத்தில் சிமிட்டுகிற ஒரு சின்னக் கோடும் வந்து நின்றன. அவ்வளவுதான். அந்தக் கோடு சிமிட்டியதைப் போல அழகான ஒன்றை நான் அந்த மெஷினில் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

கோப்புகளின் பட்டியல் எடுத்தேன். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். வந்தது பட்டியல். எல்லாப் பெயர்களும் நான் தட்டியவை. நடுவில் வெல்டரின் தொழிலின் பெயர், WELD என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. திறந்தேன். முதல் பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நேற்றுத் தட்டிய கடைசி வாக்கியம், முற்றுப்புள்ளியோடு இருந்தது.

வெல்டர் எழுந்து நின்று, "வந்துட்டு! வந்துட்டு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் கூட அப்படிக் கத்தமாட்டார். சந்தில் போன இரண்டு பேர் நின்று விசாரித்தார்கள். பூக்கார அம்மா யாரையும் கேட்காமல் மூன்று டீ சொன்னார்.

பிரிண்டர் பதினோரு மணிக்குக் கிறீச்சிட ஆரம்பித்து இரண்டரைக்கு ஓய்ந்தது. ஒவ்வொரு தாளையும் வெல்டர் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையால் வாங்கி அடுக்கினார். எதிர்க்கடையில் பைண்டிங் போட்டோம். பூக்கார அம்மா ஒரு முழம் கதம்பத்தை அதன்மேல் சுற்றிவிட்டார். "முத வாட்டி காலேஜுக்குப் போவுது, வெறுங்கயுத்தோடயா அனுப்புறது?" வெல்டர் பஸ் ஏறியபோது கண்டக்டர், "சார், சாமி படமா? லேடீஸ் சீட்ல வெச்சுட்டு உக்காரு" என்றார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

ஆறரை மணிக்குத் திரும்பும் வழியில் இறங்கி வந்து, பெற்றுக்கொண்டதாகக் கல்லூரி முத்திரை வைத்த சீட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தார். அந்த வருஷமே அவர் டிப்ளமா தேறினார். அதைச் சொல்ல வந்தபோதும் அதே வெள்ளைச் சட்டைதான்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார், வழித்த மண்டையில் சந்தனத்தோடு, கையில் லட்டோடு. மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "யாரு வந்து பாத்தது?" என்று முகத்தைச் சுளித்தார்.

"நீங்கதான்" என்று நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன். வாத்தியார் அழுதது, நேரா எண்டர், மாங்காய் போட்ட மீன் குழம்பு, ஆறு வாட்டி சோறு, எல்லாம்.

அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நோட்டின் கோடுகளை உற்றுப் பார்த்தார். "அடப்பாவி யக்கா! இனிமே உன் கடைல நான் வாயே தொறக்க மாட்டேன்பா" என்றார்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, திருப்பதி க்யூவில் தன் செருப்பு போன கதையை ஆரம்பித்தார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.