படித்துறையின் வெள்ளைக் குறி

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். ஆறு சாம்பிள் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். 8.10க்கு தாமிரபரணிப் படித்துறையில் இருந்தேன். ஆற்று நீரைப் பரிசோதிக்கும் லேபில் எனக்கு அது இருபத்திரண்டாம் வருடம்.

மாதிரியை எப்போதும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். அதற்காகப் படித்துறைச் சுவரில் வெள்ளை பெயின்டில் குறி போட்டிருப்போம். இந்தக் குறி, பதினோரு வருடம் முன்பு நான் போட்டது. “மேலப் படியில போடும் வே, கீழ வழுக்கும்” என்று அன்று அக்கறையாகச் சொன்னவர் ஊரின் பெரிய டாக்டர். அவருடைய கல்யாண மண்டபத்தின் கழிவுக் குழாய், நீரோட்டத்தில் குறியைத் தாண்டி நாற்பது அடி கீழே ஆற்றில் விழுகிறது. ஆற்றைக் காப்போம் என்று மேடைதோறும் பேசுபவரும் அவர்தான். என் ரிப்போர்ட் ஒவ்வொரு முறையும் ‘சுத்தம்’.

அன்று பாட்டிலைத் திறந்தபோது, குழாய்க்குக் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த சுலைகா குரல் கொடுத்தார். பீடி சுற்றுபவர்.

“ஏ சார், நாங்க குளிக்குதது இங்கன. நீங்க எடுக்குதது அங்கன. சொறி என்ன உங்க பாட்டிலுக்கா வந்திருக்கு?”

படித்துறையே சிரித்தது. முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்த அவர் கைகளைப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குக் கீழே இறங்கி, பாட்டிலை முக்கினேன்.

காலை நடைக்கு வந்த டாக்டர் பார்த்துவிட்டார். மாதிரிக்கு உள்ளூர்க்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாகப் போடுவது அவரும் அவர் மேனேஜரும்.

“நாங்க போட மாட்டோம். சாட்சி இல்லாம உம்ம பாட்டிலு செல்லாதுல்லா? சர்வீஸு இன்னும் மூணு வருசம் கெடக்கு. வேற ஊரு பாக்கணுமா வே?”

சுலைகா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

“பேனாவ இங்கன குடுங்க சார். ஏ செல்லம்மக்கா, ஓடியா! மண்டபத்துல சாப்பிடத்தான் நம்மளக் கூப்பிடல, கையெழுத்துக்காவது கூப்பிடுதாங்க!”

ஃபாரத்தில் சாட்சிக்கு இரண்டே வரி. நின்றது பதினேழு பேர். தாளைப் புரட்டிக் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்க ஈர விரல்களும் கோணல் எழுத்துகளும். சீல் வைக்கும்போது சந்தோஷத்தில் அவசரப்பட்டேன். அரக்கு இரண்டு சொட்டு பெட்டிமேல் விழுந்தது, முதல் தடவை. டாக்டர் படியேறிப் போனார்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று நானும் டீக்கடையில் பேசியவன். அவர்களுக்குத் தோதான இடத்தில் குறி போட்டுக் கொடுத்தது என் கை. சாட்சிக்கு ஊரில் ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை 6.30க்கு, பாட்டில் கழுவும் முன்பே, பெயின்ட் டப்பாவுடன் படித்துறைக்குப் போனேன். பழைய குறியைச் சுரண்டி எடுத்தேன். குழாய்க்கு நாலடி கீழே புதுக் குறி போட்டேன்.