நாற்பத்தொரு ஆசிரியர்களுக்கு முன்னால் வாசித்தேன்: மீனாட்சிபுரத்திலிருந்து ஏலப்பாறை வரை

போன கோடை விடுமுறையில் இடுக்கி மலையிலுள்ள ஏலப்பாறைக்குப் போய் வந்தேன். தேயிலைத் தோட்டம் பார்க்கப் போகவில்லை. ஆசிரியர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். நான் ஆசிரியர் இல்லை. வயது எழுபத்து மூன்று. பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் நான்கு ஏக்கர் தென்னையும் மூன்று கறவை மாடும் வைத்திருக்கிறேன். படிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்தக் கட்டுரையை நோட்டில் எழுதப் பதினொரு நாள் ஆயிற்று. அதைத் தட்டச்சு செய்து தன் வலைப்பூவில் போட்டவர் எனக்குக் கற்றுக்கொடுத்த சுமதி டீச்சர். கமாவும் முற்றுப்புள்ளியும் அவருடையவை, மற்றது என்னுடையது.

சுமதி டீச்சர் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் பால் சொசைட்டிக் கட்டிடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அவர் கற்றுக்கொடுக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஏலப்பாறைப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மூன்று எஸ்டேட் பள்ளிகளில், பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் தமிழ் வகுப்பு தொடங்கலாமா என்று யோசனை இருந்தது. டீச்சர் போய் முறையை விளக்க வேண்டும், அவரிடம் படித்த ஒரு ஆளையும் கூட்டி வந்து காட்ட வேண்டும். அங்குள்ள ஆசிரியர்களுக்குத் திருப்தியானால் வகுப்பு தொடங்கும். இல்லையென்றால் இல்லை. டீச்சர் என்னைக் கேட்டார். நான் அன்று இரவே பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

காலை 5.40க்கு மீனாட்சிபுரத்தில் பொள்ளாச்சி பஸ். பொள்ளாச்சியில் 6.25க்கு இறங்கி, டீ குடித்து, 6.45க்குப் பழனி பஸ் பிடித்தோம். சுமார் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 55 ரூபாய். பழனியிலிருந்து தேனிக்கு 8.50க்கு பஸ், 95 ரூபாய். தேனியில் 12.20க்குச் சாப்பாடு. 1.05க்குக் குமுளி பஸ், 60 ரூபாய். கம்பத்தைத் தாண்டி மலை ஏறும்போது ஜன்னலோரம் இருந்தால் நல்லது. வலது பக்கம் உட்காருங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

எழுபது வருடம் நான் பஸ்ஸின் நிறத்தையும் கண்டக்டர் குரலையும் வைத்து ஏறியவன். இந்த முறை ஒவ்வொரு நிலையத்திலும் நானே பலகையைப் படித்தேன். பொள்ளாச்சியில் படித்து முடிப்பதற்குள் ஒரு பஸ் கிளம்பிப் போய்விட்டது. டீச்சர் சிரித்தார். "ஏனுங்கய்யா, பலகையைப் படிச்சுட்டே நின்னா நாம பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோமுங்க" என்றார். பஸ்ஸுக்குள் உட்கார்ந்ததும் பாடப் புத்தகத்தை எடுத்துவிடுவேன். பதினான்காம் பக்கம். அதைத்தான் பயிற்சியில் படித்துக் காட்ட வேண்டும். ஒரு விவசாயி கிணறு வெட்டும் கதை, ஒன்பது வரி. இருபது நாளாகப் பால் கறக்கும்போதும் அதுதான், மட்டை பொறுக்கும்போதும் அதுதான். மலைப்பாதையிலும் அதுதான்.

குமுளிக்கு 3.15க்குப் போய்ச் சேர்ந்தோம். தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கிச் சோதனைச் சாவடியைத் தாண்டி நடந்தால் மறுபடியும் கேரளா. அங்கே ஏலக்காய்க் கடைப் பலகைகளில் தமிழும் இருந்தது, ஒன்றுவிடாமல் படித்தேன். ஆனால் கேரளா பஸ்ஸின் நெற்றியில் மலையாளம். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பத்து நிமிடத்துக்கு முன் படித்தவனாக இருந்தேன், சாலையைக் கடந்ததும் பழையபடி ஆகிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். "ஏலப்பாறையா? இதுதான் சேட்டா, கேறிக்கோ" என்று ஏறச் சொன்னார். 4.00 மணிக்குக் கிளம்பி, வண்டிப்பெரியார், குட்டிக்கானம் வழியாக 5.50க்கு ஏலப்பாறை. 68 ரூபாய். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எனக்கு 600 ரூபாய். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். டீச்சர் தன்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழி வீட்டில் தங்கினார்.

பயிற்சி ஒரு பள்ளிக்கூடத்தில். காலை 9.30க்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. என் கையெழுத்துக்கு நேரம் பிடிக்கும், எனக்குப் பின்னால் வரிசை வராந்தா வரை போயிற்று. யாரும் முனகவில்லை.

ஆசிரியர் பயிற்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். ஒருவர் பாடம் எடுப்பார், மற்ற நாற்பது ஆசிரியர்களும் பிள்ளைகளாக மாறித் தரையில் உட்காருவார்கள். மாதிரி வகுப்பு என்று பெயர். பிள்ளைகளாக மாறுவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கும் ஒரு தலைமை ஆசிரியை, "டீச்சர், இவன் என் ரப்பரைத் தூக்கிட்டான்" என்று பக்கத்து சாரைக் காட்டினார். இன்னொருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். பால்பாண்டி சார், எஸ்டேட் பள்ளி ஆசிரியர். அவருடைய தாத்தா மதுரைப் பக்கமிருந்து தேயிலை வேலைக்கு வந்தவராம். மூன்று பள்ளிகளிலும் இவர் சொல்வதுதான் நடக்கும் என்று டீச்சரின் தோழி முன்பே சொல்லியிருந்தார். டீ நேரத்தில் அவரே என்னிடம் வந்தார்.

"தப்பா நெனைக்காதீகய்யா. முன்னாடியும் ஒரு கூட்டம் எங்க லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து வகுப்பு எடுத்தாக. கடைசி நாளு எல்லாரும் கடகடன்னு வாசிச்சாக. போட்டோ புடிச்சாக, போயிட்டாக. மறுவாரம் ஒருத்தருக்கும் ரேஷன் கடை போர்டு வாசிக்கத் தெரியல. எங்க ஆளுக ரொம்ப வெக்கப்பட்டுப் போனாக. இன்னொரு தரம் அவுகள வெக்கப்பட வைக்க மாட்டேன்."

"நம்ம டீச்சர் அப்படியில்லீங்க" என்றேன்.

மதியம் 2.00 மணிக்கு டீச்சர் தன் முறையை விளக்கினார். பிறகு என்னை முன்னால் அழைத்துப் புத்தகத்தைக் கொடுத்தார். பதினான்காம் பக்கம். நான் வரியின் மேல் விரலை வைத்தேன், நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தேன், வாசித்தேன். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் வந்தபோது குரலைக்கூட ஏற்றினேன். கைதட்டல் அறையை நிறைத்தது. டீச்சர் முகத்தைப் பார்த்தேன், பெருமையாக இருந்தது.

பால்பாண்டி சார் மட்டும் கை தட்டவில்லை. "அய்யா, விரலு எங்க இருக்கு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். வாய் ஒன்பது வரியையும் முடித்திருந்தது. விரல் இரண்டாம் வரியிலேயே நின்றுகொண்டிருந்தது.

"அடுத்த பக்கத்தில மொத வரியை வாசிங்க" என்றார். பக்கத்தைத் திருப்பினேன். அந்த எழுத்துகள் எனக்குத் தெரிந்தவைதான். ஆனால் நாற்பத்தொரு பேர் பார்க்கிறார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. பால்பாண்டி சார் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு டீச்சர்."

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்று டீச்சரிடம், "உங்க பேரைக் கெடுத்துப்போட்டனுங்க" என்றேன். ஏமாற்ற வேண்டும் என்று நான் செய்யவில்லை. இருபது நாள் படித்தால் ஒன்பது வரியும் தானாகவே தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது படிப்பு இல்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

டீச்சர், "தப்பு என்னுதுங்கய்யா" என்றார். "எந்தப் பக்கம்னு இருபது நாளைக்கு முன்னாடியே உங்ககிட்ட எதுக்குச் சொன்னனுங்க? நீங்க எங்கயாச்சும் நின்னுட்டா என்ன பண்றதுன்னு பயம். வகுப்புல புள்ளைககிட்டயும் இதையேதான் பண்றனோ என்னமோ." பிறகு கேட்டார்: "நாளைக்கு இன்னொருக்கா வாசிப்பீங்களா? என்ன வரும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாதுங்க."

"நின்னு போனா?"

"நின்னா நின்னுட்டுப் போறோமுங்க. ஊட்டுக்குப் போற பஸ் எங்க இருக்குதுன்னு தெரியுமல்லங்க."

இரண்டாம் நாள் காலை முதல் வேலையாக டீச்சர் எழுந்து நின்றார். முந்தின நாள் நான் வாசித்தது மனப்பாடம்தான், அதற்குத் தானே காரணம் என்று ஒளிக்காமல் சொன்னார். முந்தின நாள் ரப்பருக்குச் சண்டை போட்ட தலைமை ஆசிரியை சொன்னார்: "எங்கிட்ட மூணாம் வகுப்புல பதினெட்டுப் பிள்ளைக இருக்கு. எத்தனை பேரு விரலு ரெண்டாம் வரியில நிக்குதோ, நான் பார்த்ததே இல்ல." இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

டீச்சர் ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். தோன்றியதை ஒரு வரி எழுதி, சமையலறையிலிருந்து வாங்கி வந்த சோற்றுக் குண்டாவில் போடச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை: அய்யா வாசிக்கும்போது யார் வாயைத் திறந்தாலும் வராந்தாவுக்குப் போக வேண்டும்.

கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தேன். சாய்வான கையெழுத்து. முதல் சொல்லே பிடிபடவில்லை. அதைவிட்டு இரண்டாம் சொல்லுக்குப் போனேன். "மழை" என்றேன். நான் கண்டது என்னவென்றால், ஆசிரியர்களால் பட்டினிகூடக் கிடக்க முடியும், பாதிச் சொல்லில் நிற்பவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. முதலில் தலைமை ஆசிரியை உதட்டை அசைத்தார், வெளியே போனார். அடுத்து ஒரு சார், "பெ..." என்றார், அவரும் போனார். மூன்றாவதாகப் பால்பாண்டி சார், "அதாய்யா, அதத்தான்" என்று எழுந்தேவிட்டார். டீச்சர் கதவைக் காட்டினார். அவர் வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பிறகு கேட்டேன். ஆறு நிமிடமாம். விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. கடைசிச் சொல்லை முடித்துவிட்டு, முதல் சொல்லுக்குத் திரும்பினேன். "எஸ்டேட்டில்." பிறகு முழுவதையும் சேர்த்துப் படித்தேன்: எஸ்டேட்டில் மழை பெய்தால் வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள்.

கை தட்டுவதற்கு முன் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்து, "ஏனுங்க, இதை எழுதுனது ஆருங்க? மழைக்கு வரமாட்டாங்கன்னா வகுப்பை லயத்துலயே வெச்சா ஆகாதுங்களா?" என்றேன்.

வராந்தாவிலிருந்து பால்பாண்டி சார் சிரிக்கும் சத்தம் கேட்டது. எழுதியது அவர்தான். உள்ளே வந்து என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். "நேத்து கிணத்துல தண்ணி வந்தப்ப குரல ஏத்துனீக, விரலு ரெண்டாம் வரியிலயே கெடந்துச்சு. இன்னிக்கு எங்கூடச் சண்டைக்கு வாறீக" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்து, "லயத்திலயே இடம் பாக்கேன். ஆனா பாடத்த முன்கூட்டிச் சொல்லப்படாது. போட்டோவும் கிடையாது" என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மீனாட்சிபுரத்திலிருந்து ஏலப்பாறைக்கு, சாப்பாட்டு நேரம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவருக்கு பஸ் செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடியும். கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும், ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்குகிறது. மழை பெய்திருந்தால் தேயிலைச் சரிவில் அட்டைப் பூச்சி உண்டு, உப்பு வைத்துக்கொள்ளுங்கள். குமுளியில் ஏலக்காய் வாங்குவதென்றால் திரும்பும்போது வாங்குங்கள், போகும்போது சுமக்க வேண்டாம். ஆசிரியராகப் பயிற்சிக்குப் போகிறவர்கள், உங்களிடம் படிக்கும் ஒருவரை ஒரு நாளாவது கூட்டிப் போங்கள். பிள்ளையாக நடிப்பவர்கள் ஆறு நிமிடம் திணற மாட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் திணறுவோம், அதில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

போன வாரம் பால்பாண்டி சார் போனில் பேசினார். லயத்தின் கடைசி வீட்டில் வகுப்பு தொடங்கிவிட்டதாம், ஒன்பது பேர் வருகிறார்களாம். கொழுந்து பறிக்கும் முத்தம்மாள் என்ற ஒருவர், அந்தப் பாலக்காட்டு அய்யாவுக்கு எவ்வளவு காலம் ஆச்சு என்று கேட்டிருக்கிறார். இரண்டு வருடம் என்றாராம் சார். "அம்புட்டு நாளா? எனக்கு ஒரு வருசம் போதும்" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நேற்று முத்தம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். நாலு வரிதான். யாரும் வாசித்துக் காட்டக் கூடாது, எத்தனை நாளானாலும் அந்த அம்மாவே வாசிக்கட்டும் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று டீச்சரும் கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை.