முகம் தெரிஞ்ச சிலிண்டர்

இன்னைக்குக் காலையில சங்கரன்கோவில் லேத் பட்டறைக்குப் போயிருந்தேன். மலையடிவாரத் தோட்டத்துக்குப் போற நம்ம ஜீப்போட எஞ்சின் அங்கனதான் பிரிச்சுக் கிடக்கு.

ஸ்லீவ்னு சொல்லுத உள்குழாயைப் புதுசா போட்ட சிலிண்டருக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமா மெல்லிய கீறல்.

"என்ன அண்ணாச்சி, பாலிஷ் போடலையா?"ன்னு பட்டறைக்காரர்ட்ட கேட்டேன்.

"அந்தக் கீறல்லதான் வே ஆயில் நிக்கும். வழுவழுன்னு இருந்தா ஆயில் தங்காது, பிஸ்டன் உரசிப் பிடிச்சுக்கிடும். கல்லுலயும் மேட்டுலயும் ஏறுத வண்டிக்கு இதுதான் தாங்கும். பழசைக் கண்ணாடி மாதிரி தேய்க்கச் சொன்ன புத்திசாலி யாரு?"

நான் டார்ச்சை அணைச்சுப் பைக்குள்ள போட்டேன்.

போன மாசம், தோட்ட வேலைக்கு வார மாடசாமியைப் பாம்பு கடிச்சப்போ இந்த ஜீப்லதான் ஏத்தினோம். ஓடைமேட்டுல எஞ்சின் இறுகி நின்னுபோச்சு. மெயின்ரோடு வரைக்கும் அவனைத் தூக்கிட்டு ஓடினோம். உயிர் பொழைச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேர லேட்டானதுல, வலது கையில கடிபட்ட விரலை எடுத்துட்டாங்க.

இன்னைக்கு அவனும் கூட வந்திருந்தான். மிச்ச விரலைச் சிலிண்டருக்குள்ள விட்டுத் தடவிப் பாத்தான்.

"சொரசொரன்னு இருக்கு மொதலாளி. இப்படியே இருக்கட்டும்"ன்னான்.

அண்ணாச்சிக்கு அங்கன சொல்லாத பதிலை இங்கன சொல்லுதேன். அந்தப் புத்திசாலி நான்தான். போன தடவை வேற பட்டறையில, மெக்கானிக் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும், முகம் தெரியுத அளவுக்குத் தேய்க்க வச்சேன்.

என்னை மாதிரி ஆள் வேற யாராவது இருந்தா கமெண்ட்ல வாங்க. தனியா நிக்க ஒரு மாதிரி இருக்கு.