அண்ணனின் நிறம்

அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கிய அன்று வரப்பில் குறுக்கே நின்றவர்களில் என் அண்ணனும் ஒருவன். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு சங்கம் வேலைநிறுத்தம் செய்திருந்தது. மிராசுதாரின் ஆட்கள் கம்போடு வந்தார்கள். அடிபட்டவனை மாட்டுவண்டியில் திருத்துறைப்பூண்டிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அந்த ஊரில் நான் சுவர் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஆட்சி மாறியிருந்த புதிது. கருப்பும் சிவப்பும்தான் சீக்கிரம் தீரும்.

பதினாறாம் நாள் படத்திறப்பு என்று முடிவு செய்துவிட்டு சங்கத்துக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். "நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க தோழர். கலர்ல இருக்கணும்."

அண்ணன் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு போட்டோ, கல்யாணத்தின்போது. கருப்பு வெள்ளை. மூக்கும் முழியும் அதிலிருந்து கிடைத்துவிட்டன. நிறம் கிடைக்கவில்லை.

கலவை எனக்குத் தெரியாததல்ல. கும்பகோணத்தில் சினிமா பேனர் கடையில் ஆறு வருடம் இருந்தவன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்பு. சிவப்பு தூக்கலானால் ஒரு சொட்டுப் பச்சை அதை அடக்கும். வெள்ளை கூடினால் முகம் சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும். கருப்பு கூடினால் செத்துவிடும். எல்லாம் தெரிந்தும், நடிகர்களுக்கு ரோஜா நிறம் அடித்துப் பழகிய கை அந்தப் பக்கமே போனது.

அண்ணியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு தம்பி இது? சினிமாக்காரனாட்டம் செவசெவன்னு. வெயில்ல கெடந்த ஒடம்பு அது."

முகத்தை மட்டும் டர்பெண்டைன் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி கலந்தேன். பச்சை சேர்த்தேன், பிறகு நீலம். அவசரத்தில் கொஞ்சம் கருப்பும். மறுநாள் அண்ணி வந்து பார்த்தவுடன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழிச்சிடுங்க தம்பி. வண்டியிலேருந்து எறக்குனப்ப இந்த நெறத்துலதான் இருந்தாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணி. உயிரோட இருக்கறப்ப எப்படி இருந்தான்? சொல்லச் சொல்லக் கலக்குறேன்."

கண்ணை மூடி யோசித்தார். "சொல்ல வரல தம்பி. கண்ண மூடுனா வண்டியில கெடந்ததுதான் தெரியுது."

எனக்கும் அதுவேதான் தெரிந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். நான் இருபத்தெட்டு வருடம் பார்த்த முகம், பதினைந்து நாளில் இரண்டு பேருக்குமே இல்லாமல் போயிருந்தது. அண்ணி அழவில்லை. தகரத் துண்டில் நான் கலந்து வைத்திருந்த பழுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் மரக்கதவுக்கு அடிக்கும் பழுப்பில் கொஞ்சம் மஞ்சள் விட்டு முடித்துக் கொடுத்தேன். மாலை போட்டார்கள், முழக்கமிட்டார்கள். நல்லா வந்திருக்கு என்று நிறையப் பேர் சொன்னார்கள். அண்ணி வரவில்லை.

கொலை வழக்கு சாட்சி இல்லாமல் தள்ளுபடியாயிற்று. அடுத்த நடவின்போது மிராசுதார் தன் அரிசி மில்லுக்குப் பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். இரண்டு மாதமாக எனக்கு வேலை இல்லை. போனேன். அவர் கேட்ட பச்சை முதல் கலவையிலேயே வந்தது.

ஏணியில் நின்று திரும்பியபோது எதிரே அவருடைய வயலில் பெண்கள் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாகக் குனிந்திருந்தது அண்ணி. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த நாற்று முடியைப் பிரித்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.