இரண்டு தட்டினால் கிளம்பலாம்

காட்டுக்குள் இடிந்து கிடக்கும் பழைய நகரத்தைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் சுற்றுலாப் பேருந்தில் அவள் வழிகாட்டி. பணிமனையில் எல்லாருக்கும் மைக் அக்கா. பதினாறு வருஷமாக ஒரே பேருந்து, ஒரே பாதை, ஒரே பேச்சு. காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குத் தேசியப் பூங்காவின் வாசல், ஒன்பதுக்கு ஏரி, பத்தரையிலிருந்து இடிபாடுகள், பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். அந்த நகரத்தை ஆண்ட பதிமூன்று அரசர்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள். வீட்டுச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டால்தான் முழிப்பாள்.

பேருந்தில் ஓட்டுநருக்குத் தனிக் கேபின். நடுவில் கனத்த கண்ணாடித் தடுப்பு. எஞ்சின் ஓடும்போது இந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது. அதற்காகவே மைக் பேச்சு ஓட்டுநருக்கும் எட்டும்படி அவர் தலைக்கு மேலே ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். தடுப்பை ஒட்டிய முதல் இருக்கை அவளுடையது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயணிகள் ஏறியதும் தலைகளை எண்ணுவாள். சரியாக இருந்தால் விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு. எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம். ஒரே ஒரு தட்டு என்றால் நில்லுங்கள். அவளுக்கும் ஓட்டுநருக்கும் ஒன்பது வருஷமாக நடந்த பேச்சுவார்த்தை மொத்தமே இவ்வளவுதான். அந்த ஓட்டுநர் அவளுடைய முன்னாள் கணவர்.

பணிமனையில் இதை வைத்துச் சிரிக்காத ஆள் கிடையாது. "விவாகரத்து வாங்கினவங்க ஒரே தெருவுலகூடக் குடியிருக்க மாட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் தினமும் ஒரே பஸ்ல காட்டுக்குப் போயிட்டு வர்றாங்க" என்பார் டிக்கெட் கவுன்டரில் இருப்பவர். வேறு பேருந்துக்கு மாறிக்கொள்ளச் சொன்னால் அவள், "நான் ஏன் மாறணும், வேணும்னா அவர் மாறட்டும்" என்பாள். அவரைக் கேட்டால், "ரூட் பழகிப்போச்சு" என்று டயரைப் பார்க்கக் குனிந்துவிடுவார். பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை.

முதல் ஏழு வருஷம் இப்படி இல்லை. அப்போது கேபினுக்குள்ளேயே, அவர் பக்கத்தில் இருக்கும் குட்டி இருக்கையில்தான் மைக்கோடு உட்கார்ந்து வருவாள். அவளோடு போய் வந்து அவருக்கும் எல்லாம் மனப்பாடம். "அஞ்சாவது ராஜாவை முழுங்கிட்டியே" என்று ஓரக்கண்ணால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் விழுந்துதான் கல்யாணமே நடந்தது. கல்யாணமாகி நாலாவது வருஷம் அவளுக்கு ஏழு மாதம். வேலைக்குப் போகாதே என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் ஓட்டுகிற வண்டியில் எனக்கு என்ன பயம் என்று போனாள்.

அன்று திரும்பும்போது நல்ல மழை. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண் அசந்துவிட்டாள். காட்டுப் பாதையின் கடைசிப் பெரிய வளைவில் பேருந்து வழுக்கி, பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பலமாக அடிபட்டது அவளுக்கு மட்டும். குழந்தை தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் அவர் வந்து நின்றார். சட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

"மான் ஒண்ணு குறுக்கே பாஞ்சுடுச்சும்மா."

அதுவரை அவரை நீங்க என்று தவிர வேறு மாதிரி அவள் கூப்பிட்டதில்லை.

"பொய் சொல்லாத. நீ தூங்கிட்ட."

கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் அவள்தானே என்று அந்த நேரத்தில் யார் எடுத்துச் சொல்வது? வயிறு எரிகிறவளுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவர் எதிரே நின்றார். மறுநாளும் மான் என்றார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டதை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக இவள் எடுத்துக்கொண்டாள். நிறுவனம் மழையைக் காரணம் காட்டி விசாரணையை முடித்தது. வீட்டில் விசாரணையே நடக்காமல் தீர்ப்பு வந்தது. ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கேபினுக்குள் ஏறாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். வளைவு வந்தது. மைக்கை எடுத்து, "பயப்படாதீங்க, நம்ம டிரைவர் இன்னிக்கு முழிச்சுக்கிட்டுதான் இருக்கார்" என்றாள். பயணிகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, ஒன்பது வருஷம் இதைச் சொன்னாள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு என்ன தெரியும். சொன்னவள் மேல்தான் கோபம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அவர் பின்தலையைப் பார்ப்பாள். அது அசையாது. என்ன கல்நெஞ்சு என்று நினைத்துக்கொள்வாள்.

நாலு மாதத்துக்கு முன்னால், பூங்கா வாசலில் சீட்டுச் சரிபார்க்கும் காவலர் ஓய்வு பெறுகிற வாரம், தேநீர் குடித்துக்கொண்டே பழங்கதை பேசினார். அவர் அந்த வாசலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் காட்டுக்குள் ரோந்து வேலை.

"அந்தப் பெரிய வளைவுல ஒரு தடவை பஸ் சாஞ்சுது பாருங்க. மறுநாள் கீழே ஓடையில ஒரு மான் செத்துக் கெடந்துச்சு. விலாவுல இந்த பஸ்ஸோட பச்சைப் பெயிண்ட் அப்படியே ஒட்டியிருந்துச்சு. நாங்க நாலு பேரு சேர்ந்துதான் இழுத்துப் போட்டோம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டாங்க?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தேநீர் ஆறி ஆடை கட்டியது. அன்று வளைவில் மைக்கை எடுக்கவே இல்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. நான் சொன்னது தப்பு என்று அவரிடம் சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. பதிமூன்று அரசர்களின் கதையை மூச்சு விடாமல் சொல்கிற நாக்கு இதற்கு மட்டும் புரளவில்லை. இன்று சொல்லலாம், சனிக்கிழமை சொல்லலாம் என்று நாலு மாதத்தை மென்று விழுங்கினாள். ஒரு திங்கட்கிழமை கவுன்டர்காரர் போகிற போக்கில் சொன்னார், டிரைவர் வேலையை விடுகிறாராம், அவருடைய அக்கா இருக்கிற ஊரில் பாலர் பள்ளி வேன் ஓட்டப் போகிறாராம். வெள்ளிக்கிழமையோடு சரி.

வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு பயணிகள். ஏரியில் நீர்க்காக்கைகளைக் காட்டினாள். கூரை போன அரண்மனையையும், தானியக் கிடங்கின் வெறும் தூண்களையும், வேர் பிளந்த படிக்கட்டுக் குளத்தையும் காட்டினாள். எட்டாவது அரசனுக்குப் பிறகு பத்தாவதற்குத் தாவிவிட்டாள். கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், "ஒன்பதாவது எங்கேம்மா?" என்று பிடித்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுநர் வழக்கம்போல வண்டிகள் நிற்கும் இடத்து மரத்தடியில் தனியாக உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அவள் அவரைப் பார்த்து இரண்டு தடவை நடந்து, பாதி வழியில் திரும்பினாள். மூன்றாவது தடவை கிட்டவே போய்விட்டாள்.

"தண்ணி இருக்கா?"

பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் கையிலேயே ஒரு முழுப் பாட்டில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளும் இரண்டு மடக்குக் குடித்து, நன்றி சொல்லி, திரும்பி வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் வளைவு நெருங்கியது. மைக்கை எடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நரைத்துப்போன பின்தலையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இந்த இடத்துல ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு மான் குறுக்கே பாஞ்சுது. மழை நாள். டிரைவர் பிரேக்கைப் போட்டு ஸ்டியரிங்கை ஒடிச்சதாலதான் முப்பது பேரு பொழைச்சாங்க. அந்த வண்டியில வந்த ஒரு பொம்பளை, அவர் தூங்கிட்டார்னு சொல்லிட்டா. அவ பார்க்கவே இல்லை. பார்க்காமலே சொன்னா. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்டினா. அவர் தூங்கல. அவ சொன்னது தப்பு. அவளை மன்னிக்க முடிஞ்சா மன்னிக்கட்டும்."

கையேடு ஒன்று மூடுகிற சத்தம் கேட்டது.

"யாரும்மா அது?" என்றார் தலைமையாசிரியை மெல்ல.

"எனக்குத் தெரிஞ்சவங்க."

கேபினுக்குள் மேலே இருந்த கண்ணாடியில் அவர் கண் ஒரு முறை வந்து போனது. அவ்வளவுதான். தோள் அசையவில்லை. வண்டியின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வளைவு பின்னால் போயிற்று.

மாலையில் பணிமனையில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேலாளர் இரண்டு நிமிஷம் பேசினார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவள் எதிரே ஒரு கணம் நின்றார்.

"வர்றேன்."

"ம்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார், மன்னிக்க மனசு வரவில்லை, வராதது நியாயம்தான் என்று அவள் முடிவு கட்டினாள். பதினாறு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு எடுக்காதவள் எட்டு நாள் லீவு போட்டாள். வீட்டில் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, நின்றது, காரணமில்லாமல் பாத்திரம் கழுவும்போது மறுபடி வந்தது.

ஒன்பதாம் நாள் போனபோது புது ஓட்டுநர் கேபினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மைக்கைத் தட்டி, "கேக்குதா?" என்றாள். அவர் கேபின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலக்கா. இந்த ஸ்பீக்கருக்கு ஒயரே இல்லையே. அப்புறம் மேல இருக்கிற இந்தக் கண்ணாடியை யாரு இப்படித் திருப்பி வெச்சது? பின்னாடி சீட்டு எதுவும் தெரியல. உங்க சீட்டு மட்டும்தான் தெரியுது."

வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார்.

"அந்த ஒயரை வெட்டி வருஷக்கணக்காச்சுப்பா. அக்காவுக்குத் தெரியுமே."

"எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

மெக்கானிக் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க ஆஸ்பத்திரிக்கு அப்புறம் வேலைக்கு வந்தீங்கல்ல, அதுக்கு மறுநாள் காலையில வந்து வெட்டச் சொன்னார். 'அவ குரல் காதுல விழுந்தா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது'ன்னார். நான்தான் வெட்டி டேப் சுத்தினேன். ரெண்டு பேரும் பேசி வெச்சுச் செஞ்சதுன்னு நெனச்சேன்க்கா."

அவள் இருக்கையில் உட்கார்ந்தாள். முதல் நாள் சொன்னது ஒன்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. முழிச்சுக்கிட்டுதான் இருக்கார். அதற்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவே அவள் பேசியது எதுவும் அவரை எட்டவே இல்லை. வெள்ளிக்கிழமை பேசியதும் எட்டவில்லை. மன்னிக்காமல் போய்விட்டார் என்று இவள் எட்டு நாள் அழுதிருக்கிறாள், பாவம் அவருக்கு மன்னிக்க வேண்டிய விஷயம் வந்து சேரவே இல்லை.

"இணைச்சு விடவாக்கா?" என்றார் மெக்கானிக்.

"இணைச்சுடுங்க."

காட்டுக்குள் தொலைபேசியில் சிக்னல் எடுக்காது. இடிபாடுகளில் காவல் கோபுரத்தின் உச்சியில் மட்டும் கொஞ்சம் எடுக்கும். பயணிகளைக் குளக்கரையில் சாப்பிட உட்கார்த்திவிட்டு, நூற்றுப் பதினொரு படியையும் ஏறினாள். மூச்சு வாங்கியது. மூச்சு அடங்கும் வரை காத்திருந்தால் துணிச்சல் போய்விடும் என்று உடனே அழைத்தாள். மணி நாலு முறை அடித்தது.

"ஒரு நிமிஷம், பிள்ளைங்க ஏறிக்கிட்டு இருக்கு, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார், யார் என்று பார்க்காமலே. பின்னால் ஒரே கூச்சல். "ஒன்பது, பத்து. தம்பி, பையை மடியில வை. பதினொண்ணு. ம், சொல்லுங்க."

"நான்தான்."

கூச்சல் மட்டும் கேட்டது.

"வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"வண்டி நல்லா இருக்கு." அவள் கல்சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தூங்கல. மான்தான் வந்துச்சு. செத்துக் கெடந்ததைப் பார்த்த ஆளே சொல்லிட்டார். நான் சொன்னது தப்புங்க. நாலு மாசமாத் தெரியும், சொல்ல வாய் வரல. கடைசி நாள் மைக்குல சொன்னேன். உங்களுக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அங்கிள் போகலாம், அங்கிள் போகலாம் என்று நச்சரித்தது.

"நான் தூங்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

"ஒயரை ஏன் வெட்டச் சொன்னீங்க?"

"மெக்கானிக்குக்கு வாய் ஜாஸ்தி."

"திரும்பி வந்துடுங்களேன்" என்றாள். இதைச் சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "கேபின்லயே உக்காந்து வர்றேன். முன்ன மாதிரி."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு. இங்க பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசியின் மேல் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, முட்டியை மடக்கி, அதன் மேல் பலமாக ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். மறுபடி காதில் வைத்துப் பார்த்தாள். இணைப்பு அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது.